வட்டக்கச்சி வீட்டுப் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்தால் நடு அறையின் புத்தக அலுமாரிகள் தெரியும். மின்மானி பார்க்க வருபவர் முதல் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் வரை, அங்கே அமர்ந்து ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவற்றைப் பற்றிக் கேட்காதவர் குறைவு. கேட்கப்படுவனவும் பெரும்பாலும் ஒரே கேள்விகளாக இருப்பதால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றை எழுதி, ஓய்வுபெற்ற ஆசிரியனுக்குரிய பொறுமையுடன் விடைகளையும் தந்திருக்கிறேன்.

சேர், உந்தப் புத்தகமெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டியளோ?

இல்லை. பதிவேட்டின்படி இன்று 1,846 நூல்கள் இருக்கின்றன. அவற்றுள் 1,170 நூல்களை முழுமையாக வாசித்திருக்கிறேன். 240 நூல்களை இடையில் நிறுத்தியிருக்கிறேன். மீதி 436 நூல்களும் இன்னும் வாசிக்கப்படாதவை. இந்தக் கணக்கைச் சொன்னவுடன், கேட்டவரின் முகத்தில் கள்ளனைப் பிடித்துவிட்ட களிப்புத் தோன்றுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

காலபோக அறுவடைக்குப் பிறகு அறை நிறைய நெல் மூட்டை அடுக்கியிருக்கும் வயற்காரரிடம், இவ்வளவையும் சாப்பிட்டு முடித்துவிட்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை. எந்த நூல் எந்த மழைநாளில் தேவைப்படும் என்பது வாங்கும்போது தெரிவதில்லை. பதினொரு ஆண்டுகள் தொடாமலே வைத்திருந்த ஒரு நாவலைச் சென்ற மார்கழியில் ஓரிரவில் வாசித்து முடித்தேன். வாங்கிய அன்றே எடுத்திருந்தால் முப்பதாம் பக்கத்தில் மூடியிருப்பேன் என்பது நிச்சயம்.

எண்ணிக்கையை எப்பிடி இவ்வளவு சரியாச் சொல்லுறியள்?

ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டைப் பதிவுக் கொப்பி, போதும். தொடரிலக்கம், நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாளர், பதிப்பாண்டு, வாங்கிய திகதி, விலை, வாங்கிய இடம் என எட்டு நிரல்கள் போட்டிருக்கிறேன். தொடரிலக்கத்தை நூலின் பதினேழாம் பக்கத்து அடியில் பென்சிலால் எழுதுவேன். முதற்பக்கம் கிழிந்து போகலாம், பதினேழாம் பக்கம் எளிதில் போகாது.

பின்னட்டையிலுள்ள ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைக் கொண்டு பதியலாமே என்று கணினி படிக்கும் பிள்ளைகள் சொல்வார்கள். அது 2007 ஆம் ஆண்டு முதல் பதின்மூன்று இலக்கங்கள் கொண்டது. 978 இற்குப் பின் 955 அல்லது 624 வந்தால் இலங்கை வெளியீடு என்று அறியலாம். ஆனால் எங்களூர் மலர்கள், சிறு பிரசுரங்கள் பலவற்றில் அந்த இலக்கமே கிடையாது என்பதால் என் பென்சில் இலக்கமே எனக்கு உறுதியானது.

கிளிநொச்சியில நல்ல புத்தகம் கிடைக்குமோ? எங்க போய் வாங்குறியள்?

கிளிநொச்சி நகரக் கடைகளில் பெரும்பாலும் பயிற்சிக் கொப்பிகளும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும்தான் இருக்கும்; வாங்குபவர்கள் கேட்பதைக் கடைக்காரர் வைத்திருக்கிறார், அதில் அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. இலக்கியம், வரலாறு, மொழிபெயர்ப்பு என்றால் ஏ9 வீதியில் ஏறத்தாழ 65 கிலோமீற்றர் பயணம் செய்து யாழ்ப்பாணத்துப் பூபாலசிங்கம் புத்தகசாலை போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். கொழும்புக்குப் போகக் காரணம் கிடைத்தால், அதை வழக்கமாகச் செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் பொருந்துமாறு தள்ளிப் போடுவேன். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் பெரும்பாலும் சிங்கள, ஆங்கில நூல்களே இருக்கும்; ஆயினும் அவற்றின் அடியில் ஒரு பழைய தமிழ்ச் சஞ்சிகைக் கட்டு அகப்பட்ட நாளும் உண்டு.

இவற்றையெல்லாம்விட எனக்கு அதிக நூல்களைத் தந்தவை வெளியீட்டு விழாக்கள். பாடசாலை மண்டபத்திலோ பிரதேச சபை மண்டபத்திலோ மங்கள விளக்கேற்றி, வரவேற்புரை, வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை என்று மூன்று மணி நேரம் போகும். முதற்பிரதி, சிறப்புப் பிரதி வழங்கப்பட்ட பின் நாங்கள் வரிசையில் சென்று காசு வைத்த கடித உறையைக் கொடுத்துப் பிரதியைப் பெற்றுக்கொள்வோம். நூலின் விலை 600 ரூபாவாக இருந்தாலும் உறைக்குள் ஆயிரம் வைப்பது வழக்கம், ஏனெனில் அச்சுக்கூலியை எழுதியவரே கொடுத்திருப்பார்.

இந்த விழாக்களில் வாங்காமல் திரும்பினால் பெரும்பாலும் அந்த நூலை இழந்தவராவோம். ஈழத்து நூல்கள் பல 300 அல்லது 500 பிரதிகளே அச்சாகின்றன. இரண்டாம் பதிப்பு வருவது அரிது. எஞ்சியவை எழுத்தாளரின் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் கிடந்து ஒரு மாரியோடு முடிந்துவிடும். பிறகு வாங்கலாம் என்று நான் விட்டுவந்த நூல்களின் பட்டியல் ஒன்றும் சீ.ஆர். கொப்பியின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதில் 23 பெயர்கள் உள்ளன. பதினைந்து ஆண்டுகளில் நான்கைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

இந்தியப் புத்தகம் ஏன் இந்த விலை விக்குது?

நூலில் அச்சிட்ட இந்திய விலையை நான்கால் பெருக்கிப் பாருங்கள். கடையில் கேட்கும் விலை அதிலிருந்து அதிகம் விலகாது, விலகினால் மேல்நோக்கியே விலகும். நாணய மாற்று வீதத்துடன் கப்பற்கூலியும் விற்பனையாளரின் பங்கும் சேருகின்றன. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 360 ரூபாவாகியபோது, இந்திய நூல்களின் விலையும் உள்ளூர் அச்சுத்தாளின் விலையும் சேர்ந்தே ஏறின. அந்த ஆண்டு பரீட்சைத் தாளுக்கே கடதாசி இல்லாமற் போனதை ஆசிரியர்கள் மறக்கமாட்டார்கள். நான் அந்த ஆண்டில் வாங்கியவை ஒன்பதே நூல்கள்.

தை மாதச் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும் யாரேனும் அகப்பட்டால் பட்டியல் கொடுத்துவிடலாம். ஐந்து நூல்களுக்கு மேல் எழுதாதீர்கள். பயணப் பொதியின் நிறைக்கு எல்லை உண்டு, உறவுக்கும் உண்டு.

மாதம் எவ்வளவு செலவழிக்கிறியள்? வீட்டில சண்டை வாறேல்லையோ?

ஓய்வூதியத்தில் மாதம் 6,000 ரூபா ஒதுக்குகிறேன். ஒரு மாதம் மிஞ்சினால் அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்லலாம், முன்கூட்டிக் கடன் எடுக்கக் கூடாது என்பது வீட்டுக்காரி விதித்த சட்டம். முன்பு புதிய நூல்களை அரிசிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, இரண்டு நாள் கழித்து அலுமாரியில் செருகி, “இது பழசு” என்று சொல்லிய காலமும் இருந்தது. பதிவேட்டில் வாங்கிய திகதியை எழுதும் என் ஒழுங்கே அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுத்தது.

லைப்ரரி இருக்குத்தானே, பிறகேன் காசு குடுத்து வாங்கவேணும்?

பிரதேச சபை நூலகத்தில் நான் அங்கத்தவன்; பத்திரிகைகளையும் விலை கூடிய உசாத்துணை நூல்களையும் அங்கேதான் பார்க்கிறேன். ஆனால் முன்பு சொன்ன 300 பிரதி நூல்கள் எல்லா நூலகங்களுக்கும் போய்ச் சேருவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுட் சிலவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இருக்கவில்லை. பல வீடுகளில் பல பிரதிகள் கிடப்பதை வீண் செலவாகப் பார்க்க அதன் பிறகு எனக்கு மனம் வருவதில்லை.

சண்டைக்கு முந்தி உங்களிட்டப் புத்தகம் இருந்ததாமே, அதுகளுக்கு என்ன நடந்தது?

2008 ஆம் ஆண்டு மார்கழியில், இரவல் போனவற்றையும் சேர்த்து, எங்களுக்கு 640 நூல்கள் வரை இருந்தன. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்களில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் வாசித்தவை அவை. எறிகணைகள் கிட்ட வரத் தொடங்கியதும் தர்மபுரம் நோக்கிப் புறப்பட உழவு இயந்திரப் பெட்டியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மூலை. அரிசி, தறப்பாள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், தாயாரின் மருந்து ஆகியவற்றுக்குப் பின் இரண்டு நூல்களுக்கு இடம் இருந்தது. அவையும் விசுவமடுவுக்கு அப்பால் எங்கேயோ தவறின. அந்த நேரத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவும் இல்லை.

மிகுதியில் நல்லவையென்று நினைத்த எண்பதை றங்குப் பெட்டிக்குள் அடுக்கி, யூரியா பைகளால் சுற்றி, கிணற்றடிக்கு அப்பால் இரண்டு முழ ஆழத்தில் புதைத்தேன். செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து 2010 ஆம் ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. பெட்டியைத் தோண்டினோம். மூடி துருப்பிடித்து விட்டிருந்தது; உள்ளே நூல்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே கட்டியாக, பாதி மண்ணாகவும் பாதி கறையான் புற்றாகவும் இருந்தன. இரும்புப் பெட்டியில் வைத்துப் புதைப்பது காகிதத்தைக் காக்காது என்பதை இந்த விடையை வாசிப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். அறிய வேண்டிய தேவை இனி வராதிருக்கட்டும்.

அந்த 640 இல் இன்று என்னிடம் இருப்பவை ஏழு. அந்த ஏழும், 2006 இல் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போன ஆசிரிய நண்பர் ஒருவர் இரவல் வாங்கிச் சென்று, பலமுறை கேட்டும் திருப்பித் தராமல் இருந்தவை. அவருக்கு நான் எழுதிய கடுமையான கடிதம் ஒன்றையும் அவர் நூல்களோடு சேர்த்துத் திருப்பித் தந்தார்.

கறையானுக்கு என்ன செய்யிறியள்?

கறையான் நம் மண்ணுக்கு மூத்த குடி. சிறுப்பிட்டியில் பிறந்து பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டை எடுக்கும்போதே ஓரம் உதிர்வதையும் கட்டை அவிழ்க்கும்போதே இதழ் முறிவதையும் தம் பதிப்புரையில் எழுதி வருந்தினார். எங்கள் அச்சு நூல்களுக்கும் நிலைமை அதிகம் வேறல்ல.

நிலக் கறையான் மண்ணிலிருந்து ஈரத்தைக் கொண்டு வந்து, மண்குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளாக ஏறும். ஆகவே நூலுக்கு மருந்து போடுவதைவிட அதன் பாதையை மறிப்பதே பயன் தரும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அதன் கால்களைக் கழிவு ஒயில் ஊற்றிய மீன் ரின்களுக்குள் நிறுத்துங்கள். சுவரைத் தொடும் கம்பி, கயிறு, திரைச்சீலை எதுவும் அலுமாரியையும் தொடக் கூடாது. ஞாயிறு காலையில் ரோச் லைற் பிடித்துச் சுவர் மூலைகளையும் நிலத்து வெடிப்புகளையும் பார்ப்பது எனக்குக் கோயிலுக்குப் போவது போன்ற வழக்கம். முதல் மழைக்கு ஈசல் பறந்த மறுநாள் கட்டாயம் பார்க்க வேண்டும். மரம் வாங்குவதானால் முதிரை நல்லது. அழுத்திய மரத்தூள் பலகை மாரிக்கு ஊதும். பணம் இல்லையென்றால் செங்கல்லின்மேல் கொங்கிறீற் பலகை வைத்து அடுக்கலாம்.

பூச்சி உருண்டை கறையானைத் தடுக்காது. வேப்பிலை, வசம்பு, நொச்சி ஆகியன கட்டுமானப் பசையைத் தின்னும் சிறு பூச்சிகளை ஓரளவு விலக்கும் என்பது எங்கள் பெரியோரின் வழக்கம், நானும் வைக்கிறேன். ஆனால் இலை காய்ந்திருக்க வேண்டும். பச்சை இலையை வைத்துப் பக்கங்களில் கறை பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

மாரியில பூஞ்சணம் பிடிக்குதே?

ஐப்பசியிலிருந்து தை வரை இதற்கு முழுத் தீர்வு இல்லை. நூல்களை நெருக்கி அடுக்காமல் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். கண்ணாடிக் கதவுள்ள அலுமாரியை மழையில்லாத பகலில் திறந்து வையுங்கள். பூஞ்சணம் கண்டால் வெளியே கொண்டுபோய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் இதற்கு நேர்மாறாகப் புழுதி வரும். அதற்கு ஒரு பழைய சாரம் போதும்.

வெள்ளத்தில நனைஞ்ச புத்தகத்தைக் காப்பாற்றலாமோ?

இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால் பலவற்றைக் காப்பாற்றலாம். 2018 ஆம் ஆண்டு மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் நனைந்தது. சேற்று நீரை நல்ல நீரால் மெதுவாகக் கழுவி, நூலைத் திறக்காமல் பிழிந்தும் விடாமல் நிமிர்த்தி வைத்து, இருபது பக்கங்களுக்கு ஒன்றாகப் பழைய பத்திரிகைத் தாள் செருகி, தாள் நனைய நனைய மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். வெயிலில் போட்டவை வளைந்து போயின. மினுங்கும் தாளில் அச்சான படநூல்கள் காய்ந்தபோது ஓடு போல ஒட்டிக்கொண்டன. அவற்றைக் காயவிடாமல் ஈரத்தோடு ஒவ்வொரு பக்கமாகப் பிரித்திருக்க வேண்டும்.

ஒரேயடியாகப் பல நூல்கள் நனைந்து கைகள் போதாவிட்டால், அவற்றைப் பொலித்தீனில் சுற்றி உறைகுளிரூட்டியில் வைக்கலாம். உறைந்த நூலில் பூஞ்சணம் வளராது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். நகரத்தில் ஐஸ்கிறீம் விற்கும் பழைய மாணவன் ஒருவன் தன் பெட்டியில் இடம் கொடுத்தான். வனிலாவுக்கு அருகில் இரண்டு வாரம் கிடந்த ஒரு வரலாற்று நூல் இன்றும் நலமாக இருக்கிறது.

இரவல் குடுப்பியளோ, சேர்?

கொடுப்பேன். போருக்கு முந்திய நூல்களைப் பற்றிய விடையை வாசித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெயர், திகதி, நூலின் இலக்கம் ஆகிய மூன்றையும் தனிக் கொப்பியில் எடுப்பவரே எழுத வேண்டும். தண்டம் இல்லை, கெடுவும் இல்லை. இன்று 112 நூல்கள் வெளியே இருக்கின்றன. அகராதிகளை மட்டும் வீட்டைவிட்டு அனுப்புவதில்லை, அது பாதுகாப்புக்காக அன்று; எனக்கு ஒரு நாளில் நான்கு முறை தேவைப்படும் என்பதால்.

ஒரே புத்தகத்தில ரெண்டு மூண்டு கிடக்கே, தெரியாமல் வாங்கினதோ?

சில தெரியாமல் வாங்கியவை. பதிவேடு வீட்டிலும் நான் கொழும்பிலும் இருந்ததன் விளைவு. மற்றவை தெரிந்தே வாங்கியவை. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973 ஆம் ஆண்டு வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. அந்த முதற்பதிப்பு 640 நூல்களோடு போயிற்று. பின்னர் கிடைத்த மறுபதிப்பில் ஒன்றை எனக்கும் ஒன்றை இரவலுக்கும் வாங்கினேன். இரவல் பிரதி ஒட்டுசுட்டானில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருப்பதாக அறிகிறேன்.

செத்தவீட்டுக் கல்வெட்டுகளையும் ஏன் சேர்த்து வைச்சிருக்கிறியள்?

இதைக் கேட்பவர்கள் சற்றுத் தயங்கித்தான் கேட்பார்கள். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று வழங்கும், கல்வெட்டு எனப்படும் நினைவு மலரைப் பலர் தேவாரம் படித்துவிட்டு எங்கேயாவது வைத்துவிடுவார்கள். வீட்டில் வைத்தால் ஆகாது என்பவர்களும் உண்டு. என்னிடம் 310 கல்வெட்டுகள் தனி அலுமாரியில் உள்ளன, மேலே சொன்ன 1,846 இல் அவை சேரவில்லை.

வன்னியின் குடியேற்றத் திட்டங்களுக்குத் தீவகத்திலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் எந்த ஆண்டு வந்தன, எந்தக் காட்டை வெட்டின, முதற்கிணற்றை யார் தோண்டினார், யாரை யார் மணந்தார் என்பன பெரிய வரலாற்று நூல்களில் இருப்பதில்லை. ஜே. பி. லூயிஸ் 1895 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலில் பழைய குளங்களையும் ஊர்களையும் பற்றி நிறைய உண்டு. அதற்குப் பிந்திய மனிதர்களின் கதைக்குக் கல்வெட்டின் வம்சாவளிப் பக்கமே சான்று. இடப்பெயர்வில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இழந்தவர்கள் தம் பாட்டனாரின் பெயரைச் சரிபார்க்க என் அலுமாரியைத் தேடி வந்திருக்கிறார்கள்.

எல்லாம் இப்ப போனில வாசிக்கலாம்தானே?

பல நூல்களை வாசிக்கலாம், நானும் வாசிக்கிறேன். 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், மலர்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. மின்வருடல் செய்ய விரும்புபவர்களுக்கு என் கல்வெட்டுகளை நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் விற்பனையில் உள்ள புதிய நூலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும், உறைக்குள் ஆயிரம் வைத்தவர்களின் முகத்தை நினைத்து நான் அதைச் செய்யமாட்டேன்.

எந்த ஒழுங்கில அடுக்கியிருக்கிறியள்? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

நூலகங்கள் பயன்படுத்தும் தூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதற்கும் 894.811 என்ற ஓர் எண்தான் அடிப்படை. அந்த முறையைக் கொண்டுவந்தால் என் வீட்டின் பெரும் பகுதி ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். ஆகவே மேல்தட்டில் ஈழம், நடுவில் தமிழகம், அடுத்து மொழிபெயர்ப்பு என வைத்திருக்கிறேன். 2018 இற்குப் பிறகு கீழ்த்தட்டில் மீண்டும் வாங்கக்கூடியவற்றை மட்டும் வைக்கிறேன்.

உங்களுக்குப் பிறகு இதுகளை ஆர் பார்ப்பினம்?

மகன் ரொறன்ரோவில், மகள் மட்டக்களப்பில். பேரப்பிள்ளைகளில் ஒருவர் தமிழ் பேசுவார், வாசிக்கமாட்டார். மொத்தமாக ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த நண்பர் ஒருவரின் நூல்கள் மூன்று ஆண்டுகள் அட்டைப் பெட்டியிலேயே இருந்து பழுதானதைக் கண்டதால், அந்த வழியை நான் எடுக்கவில்லை.

பதிவேட்டின் கடைசித் தாளில் எந்தத் தட்டு யாருக்கு என்று எழுதியிருக்கிறேன். கல்வெட்டுகள் மகளுக்கு, ஈழத் தட்டு இரண்டு ஆசிரியர்களுக்குப் பாதி பாதியாக, மொழிபெயர்ப்புகள் ஐஸ்கிறீம் விற்பவனுக்கு, அவன் கேட்டுப் பெற்றது. தமிழகத் தட்டு இன்னும் எவர் பெயரிலும் இல்லை. சனிக்கிழமைகளில் வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைத் தனக்கு எழுதும்படி கேட்டிருக்கிறாள். அவள் போன ஆவணியில் எடுத்துச் சென்ற 1,212 ஆம் இலக்கம் இன்னும் வரவில்லை.